ஏழாம் நம்பர் குதிரை

அறுபத்தொன்பதாம் வருஷம் பொங்கல் முடிந்த வாரம், என் தறியில் பாவு நூல் தீர்ந்து போயிருந்தது. அடுத்த பாவு வர நாலு நாள் ஆகும் என்று முதலாளி சொல்லிவிட்டார். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. தறியில் உட்கார்ந்தே பழகியவனுக்கு வீட்டில் சும்மா உட்காருவது பெரிய தண்டனை. கிண்டியில் வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கும் பெரிய குதிரைப் பந்தயம் அந்த ஞாயிற்றுக்கிழமைதான் என்று கேள்விப்பட்டதும் போயே தீருவது என்று முடிவு செய்தேன்.

துணைக்கு வீரபாகு அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் ஸ்டேஷன் வாசலில் ஜட்கா ஓட்டுபவர். எங்கள் தெருக் கோடியில் குடியிருந்தார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். அவருடைய பெண்குதிரை ஒரு காலத்தில் கிண்டியில் ஓடியது, வயதானதும் தள்ளிவிட்டார்கள், செங்கல்பட்டுத் தரகர் ஒருவர் மூலம் அவர் கைக்கு வந்தது. அது ஓடிய இடத்தை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்று அவருக்கு வெகுநாளாக ஆசை. பணம் கட்டுவதில் மட்டும் இஷ்டமில்லை. வேடிக்கை பார்ப்பதோடு சரி என்று சொல்லித்தான் கிளம்பினார். என் மனைவி கிருஷ்ணம்மாளிடம், பந்தயம் பார்க்கப் போகிறோம் என்று மட்டும் சொன்னேன். பணம் கட்டுவேன் என்று சொல்லவில்லை.

காலை ரயிலில் செங்கல்பட்டு போய், அங்கிருந்து வேறு ரயில் பிடித்துக் கிண்டியில் இறங்கினோம். அவ்வளவு ஜனத்தை நான் கருடசேவையன்றுதான் பார்த்திருக்கிறேன். கோட்டு போட்டவர்கள் ஒரு பக்கம், குடை பிடித்த சீமாட்டிகள் ஒரு பக்கம், எங்களைப் போன்றவர்களுக்குக் கடைசியில் வெயிலில் ஓர் இடம். ஆனால் எங்கள் இடத்துக்கு முன்னால்தான் வெள்ளைக் கட்டை வேலி இருந்தது. குதிரைகள் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் போயின.

பெரிய பந்தயத்துக்கு முன்னால் குதிரைகளை வேலியோரமாக ஒவ்வொன்றாக நடத்திக்கொண்டு போனார்கள். வீரபாகு அண்ணன் வேலியில் சாய்ந்து கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஏழாம் நம்பர் வந்தது. செம்பு நிறம், நெற்றியில் வெள்ளை. தாடி நரைத்த ஆள் ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு வந்தார். கூட்டமே அதன் நம்பரைச் சொல்லிக் கத்தியது. அண்ணன் மட்டும் குனிந்து அதன் கால்களைப் பார்த்தார்.

“குமாரு, முன்னங்காலைப் பாரு. சோத்தாங்கை பக்கம். ஊணும்போது தயங்குது பாருப்பா.”

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எல்லாக் குதிரையும் ஒரே மாதிரிதான் நடந்தது.

“வலி இருக்குது அதுக்கு. இன்னிக்கி ஓடக்கூடாது. இரு, அந்தாளு திரும்பி வரப்போ ஒரு வார்த்த சொல்லிட்டு வரேன்.”

நான் பணம் கட்டியிருக்கவில்லை. சீட்டு கொடுக்கிற ஜன்னலை மூடப் போகிறார்கள் என்று பக்கத்தில் ஒருவன் ஓடிக்கொண்டிருந்தான். ஏழுக்குக் கால் வலி என்று அண்ணன் சொன்னதால் நாலாம் நம்பரில் கட்டலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டேன். தனியாக அந்தக் கூட்டத்தில் நுழைய எனக்குப் பயம்.

“இன்னாண்ணா நீ, உன் ஜட்கா குதிரைன்னு நெனச்சியா? லட்சக்கணக்குல போட்டு வளக்கறவங்களுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிடப் போவுது? ஜன்னல மூடறாங்க, வா.”

கையைப் பிடித்து இழுத்தேன். அவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு என்னோடு வந்தார்.

சீட்டு வாங்கிக்கொண்டு வேலிக்குத் திரும்பியபோது பந்தயம் ஆரம்பித்துவிட்டது. தூரத்தில் புழுதி மட்டும் தெரிந்தது. வளைவு திரும்பியதும் நிறம் நிறமாகச் சட்டைகள் தெரிந்தன. முதலில் ஏழு. அதை ஒட்டி நாலு. நிலம் அதிர்ந்தது காலில் தெரிந்தது. நான் நாலு நாலு என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

எங்களுக்கு நேர் எதிரில் வரும்போது ஏழாம் நம்பரின் முன்னங்கால் மடங்கியது. உலர்ந்த மூங்கிலை முறித்தது போல ஒரு சத்தம். குதிரை தலைகுப்புற விழுந்து புரண்டது. ஜாக்கி தூக்கி எறியப்பட்டான். பின்னால் வந்தவை விலகித் தாண்டிப் போயின. நாலாம் நம்பர் முதலில் வந்தது.

நான் என்ன செய்தேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் குதித்தேன். ஜெயிச்சாச்சு என்று கத்தினேன். அண்ணனைக் கட்டிப்பிடிக்கத் திரும்பினேன். அவர் அங்கே இல்லை. வேலிக்குக் கீழே குனிந்து உள்ளே போய்விட்டிருந்தார்.

ஏழாம் நம்பர் எழுந்திருக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. பாதி எழும், விழும். மறுபடி எழும், விழும். முட்டிக்குக் கீழே கால் தோலில் மட்டும் தொங்கி ஆடியது. இவ்வளவுக்கும் அது கத்தவில்லை. ஜாக்கி தோளைப் பிடித்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்திருந்தான். தாடிக்காரர் ஓடி வந்தார். அவரால் கடிவாளத்தை எட்டிப் பிடிக்கவே முடியவில்லை. வீரபாகு அண்ணன்தான் அதன் தலையை மடியில் அழுத்திப் பிடித்து, தோளில் இருந்த துண்டை எடுத்துக் கண்ணை மூடினார். குதிரை அடங்கிப் படுத்தது. பச்சைத் துணி கட்டின தட்டிகளை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். டாக்டர் போல ஒருவர் பெட்டியோடு வந்தார். அண்ணனை வெளியே போகச் சொன்னார்கள் போலிருக்கிறது. தாடிக்காரர் அவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டு என்னவோ சொன்னார். அண்ணன் இருந்த இடத்திலேயே இருந்தார். தட்டி மறைத்துவிட்டது.

சுற்றிலும் இருந்த கூட்டம் அதற்குள் கலைந்துவிட்டது. ஜெயித்தவர்கள் பணம் வாங்க ஓடினார்கள். தோற்றவர்கள் சீட்டைக் கிழித்துப் போட்டார்கள். ஐந்து நிமிஷத்தில் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று நானும் போனேன்.

வரிசையில் எனக்கு முன்னால் இருபது பேர் இருந்தார்கள். நின்றுகொண்டிருக்கும்போது வெடிச் சத்தம் கேட்டது. ஒரே ஒரு தடவை. எனக்கு முன்னால் நின்றவர் என்ன சத்தம் என்று திரும்பினார். குதிரையைச் சுட்டுட்டாங்க என்று யாரோ சொன்னார்கள். அவர் உச்சுக் கொட்டினார். வரிசை ஓர் அடி முன்னால் நகர்ந்தது. நானும் நகர்ந்தேன். நகர்ந்த பிறகுதான் என் காலைப் பார்த்தேன். அப்போதாவது வரிசையை விட்டு விலகியிருக்கலாம். ஜன்னல் வரைக்கும் போனேன். கையை நீட்டிப் பணத்தை வாங்கிக்கொண்டேன்.

வெளியே வாசலில் அண்ணன் காத்துக்கொண்டிருந்தார். சட்டையின் முன்பக்கம் முழுக்க ரத்தம். துண்டு இல்லை. ஸ்டேஷன் குழாயில் கையைக் கழுவிக்கொண்டார். ரயில் தாம்பரம் தாண்டியது.

அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை. நான் இழுத்துக்கொண்டு போகாமல் இருந்தால் நீ அந்த ஆளிடம் சொல்லியிருப்பாய், குதிரை பிழைத்திருக்கும் என்றேன். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது.

“சொல்லியிருந்தா கேட்டிருப்பாங்களோ என்னமோ, அது தெரியாதுப்பா. ஆனா நான் சொல்லியிருக்கணும். கண்ணால பாத்தவன் நான். நீ கூப்ட்டா நான் ஏன் வரணும்? எம்மேலதான் தப்பு.”

அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பணத்தைக் கிருஷ்ணம்மாளிடம் கொடுத்து, முதலாளி முன்பணமாகக் கொடுத்தது என்று பொய் சொன்னேன். அவள் சந்தோஷமாக வாங்கி வைத்தாள். புதுப் பாவு வந்தது. தறியில் உட்கார்ந்தேன். நாலு நாளில் எத்தனை இழை அறுந்தது என்று எனக்கே தெரியாது. கால் மிதியை அழுத்தும்போதெல்லாம் வரிசையில் எடுத்து வைத்த அந்த ஓர் அடி ஞாபகம் வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை கிருஷ்ணம்மாள் காமாட்சியம்மன் கோயிலுக்கு வீரபாகு அண்ணன் ஜட்காவில் போய்விட்டு வந்தாள். வந்ததும் தேங்காய் மூடியைக் கூட உள்ளே வைக்காமல் தறிப் பக்கத்தில் வந்து நின்றாள். அண்ணன் துண்டு இல்லாமல் வந்ததைப் பார்த்து ஏதோ கேட்டிருக்கிறாள். குதிரை விழுந்தது, தான் அதன் தலையைப் பிடித்துக்கொண்டது, அதைச் சுட்டது எல்லாவற்றையும் அவர் சொல்லியிருக்கிறார். நான் இழுத்ததை மட்டும் சொல்லவில்லை. நான் ஜெயித்ததையும் சொல்லவில்லை.

“உசுரு போற வரைக்கும் அவருதான் தலையப் புடிச்சிக்கினு இருந்தாராமே. நீங்களும் கூடத்தானே போனீங்க. அப்ப நீங்க எங்க இருந்தீங்க?”

அவள் குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஊடு நூல் ஓட்டும் நாடாவைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். அதற்கு மேல் பொய் சொல்ல வாய் வரவில்லை.

“பணம் வாங்கற வரிசைல நின்னுக்கினு இருந்தேன்” என்றேன்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. அண்ணன் கால் வலியைக் கண்டுபிடித்ததிலிருந்து ஒன்று விடாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவள், வெடிச் சத்தத்துக்கு அப்புறமும் வரிசையில் நின்றேன் என்று சொன்னபோது ஓர் அடி பின்னால் போனாள். என்னை யாரோ தெரியாத ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். அன்று சாப்பாடு போட்டாள், தண்ணீர் வைத்தாள், பேசவில்லை. மறுநாள் சாயங்காலம்தான் பேச்சு வந்தது. அந்தப் பணம் இந்த வீட்டில் வேண்டாம் என்றாள், வேறெதுவும் சொல்லவில்லை.

எடுத்துக்கொண்டு வீரபாகு அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் குதிரையைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு வேண்டாம்ப்பா என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு, உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை, பணத்தைப் பிடித்தபடி நின்றேன். குதிரை கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தது. என்னால் அதன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.