பத்துத் தோப்புக்கரணம்

கோவில்பட்டியில் நாற்பத்தைந்து பிள்ளைகளை ஒரே முறைப்பில் அடக்கிய செண்பகாவுக்கு ஒஸ்லோவில் பதினொரு பிள்ளைகள் தண்ணி காட்டினார்கள்.

நகரின் பியோர்ண்டால் பகுதியில் நடக்கும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி; இரண்டாம் வகுப்பு. எல்லாம் இங்கேயே பிறந்த ஈழத்துப் பிள்ளைகள். துஷ்டர்கள் என்று சொன்னால் பாவம். ஆனால் நாற்காலி உட்காருவதற்கு என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. காலுறையோடு தரையில் வழுக்கிப் போவார்கள், மேசைக்கு அடியில் படுத்து நோர்வேஜிய மொழியில் அரட்டை அடிப்பார்கள். கத்தாதீங்க, கத்தாதீங்க என்று கத்தி அவளுக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

நான்காவது சனிக்கிழமை பொறுமை போயே போய்விட்டது. மேசைமேல் ஏறி ஆடிய ஏழு வயது யதுர்ஷாவை முன்னால் அழைத்து, காதைப் பிடித்துப் பத்துத் தோப்புக்கரணம் போட வைத்தாள். வகுப்பு கப்சிப். இதை முதல் வாரமே செய்திருக்கலாமே என்று பெருமை வேறு.

வீட்டில் சொன்னதும் கணவன் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்தான். "இங்க இதெல்லாம் கூடவே கூடாது செண்பகா. அவங்க வீட்ல கம்ப்ளெயிண்ட் பண்ணா வகுப்பு போச்சு."

இரண்டு வருடம் ஜன்னலையும் பனியையும் பார்த்துக்கொண்டு கிடந்தவளுக்கு இந்த நாட்டில் கிடைத்த முதல் வேலை அது. அந்த வாரம் முழுக்கக் கைபேசி அடித்தபோதெல்லாம் பள்ளியிலிருந்துதானோ என்று பார்த்துவிட்டே எடுத்தாள். அதைவிட, காதைப் பிடித்தபடி தன்னை நிமிர்ந்து பார்த்த அந்தச் சின்ன முகம் விடாமல் துரத்தியது. வெட்கமாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை வாசலிலேயே பொறுப்பாளர் பத்மநாதன் பிடித்துக்கொண்டார். "ரீச்சர், யதுர்ஷாவின்ரை அம்மா உங்களோடை கதைக்கோணுமாம். வகுப்பு முடிய வருவா."

முடிந்தது கதை என்று நினைத்துக்கொண்டு செண்பகா கதவைத் திறந்தாள். பதினொரு பிள்ளைகளும் காதைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். முன்னால் யதுர்ஷா, "இடக் கையாலை வலக் காது" என்று ஒவ்வொருவராகத் திருத்திக்கொண்டிருந்தாள்.

"ரீச்சர், இது உங்கடை ஊர் ஜிம்தானே? இண்டைக்கு எல்லாருக்கும் பத்துத் தாங்கோ."

அவள் தடுக்காமல் ஒதுங்கி நின்றாள். பத்தும் போட்டு, மூச்சு வாங்கி, தாமாகவே நாற்காலியில் போய் விழுந்தார்கள். அரைமணி நேரம் ஒருவரும் எழும்பாமல் எழுதினார்கள். அப்படியொரு அமைதியை அந்த அறை அதுவரை கண்டதில்லை. வகுப்பு முடிய வரப்போகும் அம்மாவையே நினைத்துக்கொண்டிருந்ததால் அவளால்தான் அதை அனுபவிக்க முடியவில்லை.

வகுப்பு முடிந்ததும் யதுர்ஷாவின் அம்மா உதயகுமாரி வந்தாள். மகள் நடைவாசலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வீட்டிலை தகப்பனையும் விடுறாளில்லை, செய் செய் எண்டு. அது என்ன ஜிம், ரீச்சர்?"

ஆமாம், உடற்பயிற்சிதான் என்று ஒரு வார்த்தை போதும், தப்பிவிடலாம். செண்பகா தலையாட்டி மறுத்தாள்.

"ஜிம் இல்லைங்க. தண்டனையாதான் போட வச்சேன். ஒரு வாரமா மனசே சரியில்ல. தப்பு என்னோடதுதான்."

உதயகுமாரி அவள் பக்கம் நெருங்கி வந்தாள். "தெரியும். நானும் பருத்தித்துறையிலை படிச்சனான்தானே. இதாலையே முழங்கால் தேஞ்சுபோச்சு. நீங்கள் ஜிம் எண்டு சொல்லியிருந்தால் இவளை இண்டைக்கே வகுப்பாலை நிப்பாட்டியிருப்பன்." குரலைத் தாழ்த்தினாள். "அவளுக்கு அது தண்டனை எண்டு தெரியாது. தெரியாமலே இருக்கட்டும். இனி ஒராளை மட்டும் முன்னுக்கு நிப்பாட்டாதேங்கோ, எல்லாரையும் சேத்துச் செய்வியுங்கோ."

செண்பகா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணும் கலங்கிவிட்டது.

"ரீச்சர்" என்றாள் யதுர்ஷா நடைவாசலிலிருந்து. "அடுத்த கிழமை நீங்களும் எங்களோடை பத்துப் போடோணும்."

"இருபது போடுறேன்" என்றாள் செண்பகா.

ஏன் இருபது என்று மகள் கேட்கவில்லை. உதயகுமாரிக்குப் புரிந்தது, சிரித்துக்கொண்டே மகளுக்குத் தொப்பியை மாட்டிவிட்டாள்.