கண்ணு தூங்கவில்லை

நான் மாசமாக இருந்தவரை எங்கள் வீட்டில் கண்ணு என்றால் அது நான்தான். "கண்ணு, களி இன்னொரு உருண்டை தின்னு. கண்ணு, மிளகுக் கொடிப் பக்கம் போவாதே, வழுக்கும்." என் மாமியார் சின்னக்கண்ணு அந்தச் சொல்லை அப்படி அள்ளி இறைத்தார். மகன் பிறந்தான். சொல்லை என்னிடமிருந்து பிடுங்கி அவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். நான் "ஏ புள்ள" ஆகிவிட்டேன்.

கண்ணு குளித்தது, கண்ணு சிரித்தது, கண்ணு கொட்டாவி விட்டது என்று எங்கள் மலையில் எடப்புளி நாடே பேசியது. அவன் நன்றாகத் தூங்கும்போதும் நான் முழித்துக்கொண்டு கிடந்தேன். சோறு உள்ளே இறங்கவில்லை. காரணமே இல்லாமல் அழுகை வந்தது. பெற்ற பிள்ளையைத் தூக்கினால், யாரோ விட்டுப்போன பிள்ளையைத் தூக்குவதுபோல இருந்தது. இப்படியே இருந்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது, சத்தியமாகப் பயமாக இருந்தது.

மாமியாரிடம் சொன்னேன். "பச்ச ஒடம்புக்காரிக்கு அப்படித்தான் இருக்கும். பூண்டுக் கொழம்பு ஊத்தித் தின்னு," என்றார். கணவர் சென்றாயனிடம் போனில் சொன்னேன். மரவள்ளிக் கிழங்கு லோடோடு ஜவ்வரிசி ஆலை வாசலில் நின்றவர், "அம்மாகிட்டச் சொல்லு," என்றார். விளங்கிவிடும்.

நர்சம்மா கலைச்செல்வி ஸ்கூட்டரில் வருவார். கேள்வியை என்னிடம்தான் கேட்பார். பதில் மாமியார் வாயிலிருந்து வரும். நல்லாத் திங்கறாளுங்க, நல்லாத் தூங்கறாளுங்க. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் சொன்னால், "நல்லா இருக்கறவளுக்கு எதுக்கு ஆஸ்பத்திரி?" என்பார்.

அன்றைக்கும் நர்சம்மா வந்தார். "கண்ணு நல்லாத் தூங்குதுங்களா?" என்று பொதுவாகக் கேட்டார். எனக்கு ஒரு குறும்பு தோன்றியது.

மாமியார் முந்துவதற்குள், "இல்லீங்க. கண்ணு தூங்கறதே இல்லீங்க," என்றேன். "ஒண்ணும் திங்கறதில்ல. சும்மா சும்மா அழுவுது."

மாமியார் கையிலிருந்த காப்பி டம்ளர் நழுவியது. "ஏ புள்ள, இதை ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னேனுங்கத்தை. பூண்டுக் கொழம்பு குடுக்கச் சொன்னீங்க."

"கண்ணுக்குப் பூண்டுக் கொழம்பா? நானா?"

நர்சம்மா என் முகத்தையே பார்த்தார். பிறகு உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அப்படீன்னா கண்ணை இப்பவே டாக்டர்கிட்டக் காட்டிரணுமுங்க. புள்ளையோட அம்மாவும் கூட வரோணும்," என்றார்.

காயப்போட்ட மிளகை அப்படியே விட்டுவிட்டு மாமியார் பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தினார். மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் ஒரு சாமிக்கு வேண்டுதல் வைத்தார். மகனோ அவர் மடியில் கொழுகொழுவென்று கிடந்து, பஸ்ஸே கேட்கும்படி ஏப்பம் விட்டான்.

டாக்டரம்மாவிடம் நர்சம்மா போனிலேயே சொல்லியிருந்தார் போலும். குழந்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தக் கண்ணு ஜம்முன்னு இருக்கு. வேற கண்ணு இருக்குதா?" என்றார்.

"நான் நல்லாத்தான் இருக்கறேனுங்க," என்றார் மாமியார் சின்னக்கண்ணு.

"நானுங்க," என்றேன். சிரிக்கத்தான் நினைத்தேன். அழுகை வந்துவிட்டது.

அழுது முடிக்கும்வரை டாக்டரம்மா காத்திருந்தார். பிள்ளை பெற்ற பலருக்கும் இப்படி வரும், இது திமிருமில்லை சோம்பேறித்தனமுமில்லை, பேசினாலே பாதி தேறும், தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு என்றார். அடுத்த வாரமும் வந்து பேசச் சொன்னார். மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பும் பஸ்ஸில் அவர் பேரனை மடியில் போட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "என்னைய ஏமாத்திப்போட்டாளே," என்று ஜன்னலிடம் மட்டும் சொன்னார். அடுத்த வாரம் இவர் விடாவிட்டால் நான் என்ன செய்வேன்?

வழியில் பக்கத்து வீட்டு செல்லமுத்து ஏறினார். "ஏனுங்க பெரியம்மா, ஆஸ்பத்திரிக்குப் போனீங்களாமே. கண்ணுக்கு இப்ப எப்படியிருக்குது?"

மாமியார் மடியில் தூங்கிய பேரனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எந்தக் கண்ணைக் கேக்கறே?" என்றார். "சின்னது நல்லாருக்குது. பெரிசைத்தான் அடுத்த வாரமும் கூட்டிட்டுப் போவோணும்."