ஐந்தாவது கதவு

என் தம்பிக்கு உலகத்தில் பிடிக்காத பொருள் ஒன்று உண்டென்றால் அது அம்புக்குறிதான். ஒன்றரை வருடமாக அவன் ஒரு பேய் கேம் செய்துகொண்டிருந்தான்; ஒரு பழைய லாட்ஜுக்குள் வழி தேடிப் போக வேண்டும். கதை, படம், புரோகிராம் எல்லாம் அவன். சத்தம் மட்டும் நான். அதை வெளியிடுவதாக ஒப்புக்கொண்ட கம்பெனியிலிருந்து ஒரு மேடம் போன் செய்தார்.

"வெளியாளுங்க பன்னெண்டு பேர்கிட்ட விளையாடக் குடுத்தோம். பாதிக்கு மேல ரெண்டாவது மாடி வராந்தாவுலயே நின்னுட்டாங்க. எங்க போறதுன்னு தெரியலையாம். சரியான கதவுக்கு மேல ஒரு அம்புக்குறி போட்டுடுங்க. அடுத்த வாரம் வேற ஆளுங்களை வெச்சுப் பார்ப்போம். அப்பவும் நின்னாங்கன்னா அம்பை நாங்களே போட்டுக்குவோம்."

போனை வைத்ததும் தம்பி பொங்கினான். "அம்பு போட்டா அது பேய் இருக்கிற லாட்ஜா, இல்ல ஆஸ்பத்திரியா? எக்ஸ்ரே எடுக்குற இடம்னு போர்டும் மாட்டிடலாமே! அம்போடதான் வரணும்னா இந்த கேம் வரவே வேணாம்க்கா."

இது சும்மா வீம்பு என்று விட்டுவிட முடியாது. சொன்னதைச் செய்து தொலைக்கிற ஜாதகம் அவனுடையது. ஒன்றரை வருட உழைப்பை ஒரு பட்டனை அமுக்கி அழித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவான்.

அதைவிட வேறொன்று மண்டையைக் குடைந்தது. எங்கள் வீட்டில் உட்கார்ந்து விளையாடியவர்கள் யாருமே அந்த வராந்தாவில் மாட்டிக்கொள்ளவில்லை. என் வீட்டுக்காரர் முடித்தார். மாடி வீட்டுப் பெண்கள் முடித்தார்கள். மவுஸைச் சோப்புக்கட்டி மாதிரி பிடிக்கும் எங்கள் அப்பாகூட முடித்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்று கேட்டார்.

"அப்ப வெளியாளுங்களுக்கு மூளை இல்ல. அவ்வளவுதான்" என்றான் தம்பி.

பன்னிரண்டு பேரில் பாதிக்கு மேல் மூளை இல்லாமல் போகுமா? எனக்கு அது இறங்கவில்லை.

வராந்தாவில் ஒரே மாதிரி ஏழு கதவுகள். ஐந்தாவதுதான் வழி. அதன் கைப்பிடியைக் கொஞ்ச நேரம் விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தால் திறக்கும். அதன் முன்னால் தரையில் ஈரக் காலடி ஒன்று உண்டு. 'கண் இருக்கிறவன் பார்த்துக்கொள்வான்' என்பது என் தம்பியின் கொள்கை.

மறுநாள் என் நாத்தனாரைக் கூப்பிட்டேன். பல் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நாளெல்லாம் அலறல் கேட்டுப் பழகியவள், பேய்க்கெல்லாம் அசைய மாட்டாள். அவள் வந்த நேரம் தம்பி முடிவெட்டப் போயிருந்தான். அவன் வரட்டும் என்று காத்திருக்காமல் உட்கார வைத்தேன். எங்கள் விதி ஒன்றே ஒன்று: ஆடுகிறவர் என்ன கேட்டாலும் பார்க்கிறவர் வாயைத் திறக்கக் கூடாது.

வராந்தாவுக்கு வந்தாள். முதல் கதவைத் தட்டினாள், இரண்டாவதைத் தட்டினாள். ஐந்தாவதையும் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டாள். ஈரக் காலடியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுபடி முதலிலிருந்து.

"அண்ணி, இதெல்லாம் பூட்டியிருக்கா, இல்ல உங்க கேம் படுத்துடுச்சா?"

நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். நியாயமான கேள்வி. தட்டினால் கதவு எந்தப் பதிலும் சொல்லவில்லை. அதற்கு நான் சத்தமே வைக்கவில்லை.

அவள் கொட்டாவி விடும்போது தம்பி திரும்பி வந்தான். சட்டைக் காலரெல்லாம் முடி. வழக்கம்போல அவளுக்குப் பின்னால் தன் நாற்காலியில் உட்கார்ந்தான். சத்தியமாக ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த சுற்றில் என் நாத்தனார் ஐந்தாவது கதவின் முன்னால் வந்து நின்றாள். கைப்பிடியை அழுத்தினாள். விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தாள். கதவு திறந்தது. அசையாத நர்ஸ் போட்ட சத்தத்தில் மவுஸ் மேசைக்கு அடியில் போய் விழுந்தது.

"பார்த்தியா?" என்றான் தம்பி, ஏதோ தேர்தலில் ஜெயித்தவன் போல.

"எப்படிக் கண்டுபிடிச்சே?" என்று அவளிடம் கேட்டேன்.

"தெரியல அண்ணி. அந்த இடத்துக்கு வந்ததும் என்னவோ மாதிரி இருந்தது. கையை எடுக்கத் தோணல."

'என்னவோ மாதிரி' என்பதற்கு என் தொழிலில் எப்போதும் ஒரு காரணம் இருக்கும். அலறல்கள் கிடைக்குமே என்று ஒவ்வொருவர் ஆடும்போதும் அறையில் மைக் வைத்துப் பதிவு செய்திருந்தேன். அவள் கிளம்பியதும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டேன். அப்பா ஆடியது, மாடி வீட்டுப் பெண்கள் ஆடியது, எதைக் கேட்டாலும் பின்னால் மெல்லிசாக ஒரு டக் டக் டக். ஐந்தாவது கதவு வந்ததும் அது நின்றுவிடுகிறது. எல்லாவற்றிலும், அதே இடத்தில்.

தம்பியின் கால்! உட்கார்ந்தால் ஆட்டாமல் இருக்க மாட்டான். அம்மா திட்டித் திட்டி ஓய்ந்துபோன கால். அவனுடைய ஆட்டத்துக்கு அந்த ஓட்டை நாற்காலி தாளம் போட்டிருக்கிறது. ஆடுகிறவர் சரியான கதவுக்கு வந்ததும் இவன் மூச்சைப் பிடிக்கிறான், கால் நிற்கிறது, அறை அமைதியாகிறது, ஆடுகிறவரின் முதுகு சில்லிட்டு அவரும் நிற்கிறார்.

"நான் எங்க காலை ஆட்டுறேன்க்கா?" என்றான், ஆட்டிக்கொண்டே.

பதிவைப் போட்டுக் காட்டினேன். முகம் சுண்டிப்போயிற்று. பதிவை நிறுத்திவிட்டு, "அப்ப இத்தனை நாளா யாரும் என் கேமை விளையாடல. என்னைத்தான் விளையாடியிருக்காங்க" என்றான். எனக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் விடவில்லை.

"வாங்குறவங்க ஒவ்வொருத்தர் வீட்டுலயும் நீ போய் நாற்காலி போட்டு உட்கார முடியுமா?"

அவன் என்னைப் பார்த்தான். கால் நின்றிருந்தது.

அந்த வாரம் முழுக்கச் சண்டையும் வேலையுமாகப் போயிற்று. வராந்தாவில் எங்கோ தண்ணீர் சொட்டுகிற சத்தம் வைத்தேன். ஐந்தாவது கதவின் முன்னால் நின்றால் அது நின்றுவிடும். மற்ற கதவுகளைத் தட்டினால் பூட்டு கடகடக்கும். இது மட்டும், அழுத்தினால் உள்ளே மெதுவாக முனகும். அழுத்த அழுத்த முனகல் கூடும்.

"இதுவும் அம்புதானேக்கா?" என்றான் சந்தேகமாக.

"அம்பு கண்ணுக்குடா. இது முதுகுக்கு."

கம்பெனி மேடம் கூப்பிட்ட அன்று அவன் போனை எடுக்கவே மாட்டேன் என்றுவிட்டான். நான்தான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"எல்லாரும் கதவைக் கண்டுபிடிச்சிட்டாங்க. ஆனா ரெண்டு பேர் முடிக்கல."

தம்பி கண்ணை மூடிக்கொண்டான். "ஏன்? வழி தெரியலையாமா?" என்று கேட்டேன்.

"வழி நல்லாத் தெரியுதாம். இதுதான் கதவு, அழுத்தினா திறக்கும்னு சொல்றாங்க. ஆனா அழுத்த மாட்டோம்னு எந்திரிச்சுப் போயிட்டாங்க." சொல்லிவிட்டு மேடம் சிரித்தார். "அம்பெல்லாம் வேணாங்க. அப்படியே விட்டுடுங்க."

என் தம்பி இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். நானும் அழுதேன். மேடம்தான் பாவம், "ஹலோ, ஹலோ, லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.