சரிவில் நின்ற சுமாக்

பூங்காத் துறையில் லாரி ஓட்டும் அவனுக்கு, மனைவியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வாய் மூடாது. ஐந்து பேர் கொண்ட செடி வெட்டும் குழுவுக்கு அவளைத் தலைவியாக்கி ஆறு மாதம்தான் ஆகிறது. பதவியை இன்னும் நிரந்தரமாக்கவில்லை. அதற்குள் இவன், "அவ இலையைப் பாத்துச் சொன்னா சொன்னதுதான்" என்று டீசல் போடுகிறவர் வரைக்கும் தம்பட்டம் அடித்துவிட்டான்.

அன்றைக்கு வேலை, பள்ளிக்கூடத்துக்குப் போகும் நடைபாதையில். அந்த வழியாக நடந்த மூன்று பிள்ளைகளுக்குக் கைகாலெல்லாம் கொப்புளம். அங்கே வளரும் சுமாக் என்ற புதர்ச்செடியில் நல்லதும் உண்டு, தொட்டாலே தோலைப் பதம் பார்ப்பதும் உண்டு. விஷச் சுமாக்கைத் தேடி வெட்டுங்கள், வெட்டி முடித்ததும் பாதையைத் திறந்துவிடலாம் என்று உத்தரவு. குழுவுக்கு அவள் கோடைத் தொடக்கத்திலேயே ஒரு விதி சொல்லிக் கொடுத்திருந்தாள்: இலையோரம் ரம்பப் பல்லாக இருந்தால் நல்லது, வழவழவென்று இருந்தால் விஷம். அதை நம்பிக் குழு முந்தின நாளே போய், மேட்டுச் சரிவில் வழவழ இலையோடு நின்ற அத்தனை புதருக்கும் மஞ்சள் நாடா கட்டிவிட்டு வந்திருந்தது.

காலையில் துறை அதிகாரியும் வந்து நின்றார். அறுக்கும் இயந்திரம் உறும ஆரம்பித்ததுதான் தாமதம், ஒரு கிளையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்த அவள் கையை உயர்த்தினாள்.

"நிறுத்துங்க. இது விஷம் இல்ல."

"என்னம்மா சொல்றீங்க?" என்றார் அதிகாரி.

"காயைப் பாருங்க சார். சிவப்பா, கொத்தா, மேல நிமிந்து நிக்குது. இலைக் காம்பு நெடுக ரெண்டு பக்கமும் பச்சையா, சிறகு மாதிரி மெல்லிசா ஒரு விளிம்பு ஓடுது. இந்த வகைக்கும் இலையோரம் வழவழப்பாத்தான் இருக்கும். விஷச் சுமாக்குக்குச் சிறகு கிடையாது. காய் வெளுத்துப்போய்த் தொங்கும். அது ஈரத்துலதான் வளரும். இங்க எங்க ஈரம்? காலெல்லாம் புழுதி."

"அப்ப எதை வெச்சு இதுக்கெல்லாம் நாடா கட்டினாங்க?"

மனைவியின் பதவி போய்விடுமோ என்று லாரிக்காரனுக்குப் பயம். "அவசரத்துல கட்டிட்டாங்க சார், புதுசா சேந்த ஆளுங்க" என்று முந்திக்கொண்டு பூசி மெழுகினான். ஐந்து பேரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்கள்.

"நீங்க சும்மா இருங்க" என்று கணவனை அடக்கிவிட்டு, அவள் அதிகாரியைப் பார்த்தாள். "அவங்க மேல தப்பில்ல சார். நான் சொன்ன விதிப்படிதான் கட்டினாங்க. அது அரைகுறை விதி. காய் பிடிக்கறதுக்கு முன்னாடி சொன்னேன், இந்த வகையை மறந்துட்டேன். தப்பு என்னுது."

இவன் பல்லைக் கடித்தான். தேடி வந்த பதவியைத் தானே எட்டி உதைக்கிறாளே, கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு இருந்தால்தான் என்ன?

"இதை வெட்டிட்டுப் பாதையைத் திறந்திருந்தா, விஷம் நின்ன இடத்துலயே நின்னிருக்கும். பிள்ளைங்களும் அது வழியாவே போயிருப்பாங்க" என்று சொல்லிவிட்டு அவள் சரிவில் இறங்கினாள்.

பாதையின் கீழே, சின்னப் பாலத்தை ஒட்டிய ஓடைச் சேற்றில் அது நின்றது. ஒற்றை மரம். சிவந்த காம்பு, தொங்கும் வெளிறிய காய். ஒரு கிளை பாலத்துக் கைப்பிடியின் மேலேயே சாய்ந்திருந்தது, சரியாகப் பிள்ளைகள் கை வைக்கும் உயரத்தில். பார்த்த அதிகாரி கைப்பிடியை விட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"கையுறையை முழங்கை வரைக்கும் இழுத்து விட்டுக்கங்கப்பா. ஒரு சுள்ளியைக்கூட எரிக்கக் கூடாது, புகையும் விஷம்" என்றாள் அவள். ஐந்து பேரும் "சரிக்கா" என்று ஒரே குரலில் சொல்லிவிட்டு இறங்கினார்கள். அத்தனை சுறுசுறுப்பாக அவர்கள் வேலை செய்து இவன் பார்த்ததே இல்லை.

மரம் வேரோடு லாரி ஏறியதும் அதிகாரி நோட்டை எடுத்தார். "உங்க தப்பையும் அறிக்கையில எழுதியாகணும்மா."

"எழுதுங்க சார்."

பதவி நிலைக்குமா என்று இவனுக்குத் தெரியாது. ஆனால் காலையில் இருந்த பயம் போன இடம் தெரியவில்லை. லாரியில் ஏறிக் கதவைச் சாத்தியதும் தம்பிக்குப் போன் போட்டான்.

"டேய், உன் அண்ணி இன்னைக்கு ஒரு தப்பு பண்ணிட்டாடா!"

"அதை ஏன்ணே இவ்வளவு சந்தோஷமா சொல்ற?"

"ஆபீசர் முன்னாடி, குழு முன்னாடி, தப்பு என்னுதுன்னு நின்னாடா. நம்ம குடும்பத்துல எந்த ஆம்பளையாவது அப்படிச் சொல்லி நீ கேட்டிருக்கியா?"