வலப்பக்கம் பை வைத்த சட்டை

குழந்தைகள் வார்டுச் சுவரில் மாட்ட ஒரு பெரிய துணி தயாராகிக்கொண்டிருந்தது. சிகிச்சை பலிக்காமல் இறந்துபோன பிள்ளைகளின் உடுப்பிலிருந்து ஆளுக்கொரு சதுரம் வெட்டி, பெயரை நூலால் எழுதி, எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குத் திரைச்சீலையும் படுக்கை விரிப்பும் தைக்கும் தையலக்காவிடம் கேட்கவே எல்லோரும் தயங்கினார்கள். அவள் மகனும் ஏழு வயதில் காய்ச்சல் கண்டு அங்கேதான் போனான். ஆனால் அவள் மறுபேச்சில்லாமல் சரி என்றாள்.

அவனுக்கென்று வெட்டத்தான் துணி இல்லை. "ஒண்ணுகூட என் கண்ணுல படக்கூடாது, எங்கயாவது போட்டுடுங்க" என்று அப்போது அவள்தான் கத்தினாள். கணவர் அவன் துணிகளையெல்லாம் மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு போனார். குப்பையில் போட்டுவிட்டதாகச் சொன்னார்.

ஒரு நாள் காலை, அதே வார்டில் மகனை இழந்த ஒரு லாரி டிரைவரின் மனைவி ஆஸ்பத்திரித் தையல் அறைக்கு வந்தாள். பையிலிருந்து நீலக் கட்டம் போட்ட சட்டையை எடுத்து மேசைமேல் விரித்தாள்.

"இதைக் கழட்டவே மாட்டான்க்கா. துவைச்சுக் காயறதுக்குள்ள கேட்பான்."

தையலக்கா அளவு நாடாவை வைக்கப் போனவள் அப்படியே நின்றாள். பை வலப்பக்கம் இருந்தது. இடது கைக்காரப் பிள்ளைக்கு எட்டட்டும் என்று அவளே மாற்றித் தைத்த பை. காலரைத் திருப்பினாள். வெள்ளை நூல் தீர்ந்துபோய்ப் பச்சை நூலில் முடித்த இடமும் இருந்தது. காது அடைத்துக்கொண்டது. எதிரே இருந்தவளின் வாய் அசைவதுதான் தெரிந்தது.

"அக்கா, என்னாச்சு?"

"இது எங்க வாங்கினீங்க?"

"வாங்கல. இங்க படிக்கட்டுகிட்ட பழைய துணி வெச்சிருப்பாங்களே, அதுலேர்ந்து எடுத்தேன்."

சொல்லாமல் விட்டிருக்கலாம். வாய் முந்திக்கொண்டது. "என் பையனோடது. நான் தைச்சது. அவன் இல்ல இப்ப."

டிரைவரின் மனைவி சுட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டாள். "செத்த பிள்ளையோட சட்டையையா நான்..." எழுந்து போய்விட்டாள்.

தையலக்கா சட்டையைத் தொடாமல் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். தன் கையால் தைத்ததே இரண்டு பிள்ளைகளை வாரிக்கொண்டு போனதோ என்று நினைத்தாள்.

மதியம் டிரைவரின் மனைவி திரும்பி வந்து வாசலிலேயே நின்றாள்.

"டாக்டரைப் பார்த்துட்டு வரேன். சட்டையால எல்லாம் வராதாம். பொறக்கும்போதே இருந்த வியாதியாம். எனக்கும் தெரியும். இருந்தாலும் கேட்காம இருக்க முடியல."

"நானா இருந்தாலும் கேட்டிருப்பேன்."

"பை ஏன் அந்தப் பக்கம்?"

"இடது கைக்காரன்."

"என் பிள்ளை வலது கை. எட்டாம திட்டிக்கிட்டே கல்லைப் பொறுக்கிப் பொறுக்கி அதுல போடுவான்."

தையலக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன் சிரிப்பைக் கேட்டு அவளே பயந்து போனாள். டிரைவரின் மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். முதுகுத் துணியில் இரண்டு சதுரம் வெட்டினார்கள். பையை வெட்ட இருவருக்குமே மனம் வரவில்லை.

சாயங்காலம் தையலக்கா வீட்டில் கணவரிடம் கேட்டாள்.

"குப்பையில போட்டேன்னு சொன்னீங்களே?"

அவர் தலை கவிழ்ந்தது. "கை வரல. எந்தப் பிள்ளையாவது போட்டுக்கட்டும்னு ஆஸ்பத்திரியில வெச்சேன்."

"நீலக் கட்டம் போட்டதை ஒருத்தன் போட்டுக்கிட்டான்."

அவர் முகம் மலர்ந்தது. "பார்த்தியா? சரியா இருந்துச்சா அவனுக்கு? எப்படி இருக்கான்?"

அவள் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, சொல்லத் தொடங்கினாள்.