எந்த மைல்?

தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு விமான டிக்கெட் போட்டுக் கொடுப்பது என் தொழில். ஐந்நூற்று இருபத்தெட்டு கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம்; தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அதில் என்னைத் திருத்தவும் ஒருவர் வந்தார். மாலத்தீவுக்குச் சரக்குத் தோணி ஓட்டும் தண்டல், லெயோன் மச்சாது. மகளைப் பார்க்க முதன்முறையாக விமானம் ஏறப்போகிறார்.

“இருநூத்தி எண்பத்தஞ்சு மைலுதான். சார்ட்டுல டிவைடர் வச்சு அளந்துட்டுத்தான் வாரேன்,” என்றார்.

போனில் தட்டிப் பார்த்தேன். “முந்நூத்தி இருபத்தெட்டு மைல், அண்ணாச்சி. மிச்சம் நாப்பத்து மூணு மைலைக் கடல்ல போட்டுட்டியளா?”

“உன் மைலு ரோட்டு மைலு. நான் சொல்லுதது கடல் மைலு. அது உன் மைலை விட நீளம், அதான் எண்ணிக்கை கொறையுது.”

“பிளேன் என்ன கடல்லயா மிதக்குது?” என்று வெடுக்கென்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்தபடி டிக்கெட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் சென்னையில் இறங்கியதுமே போன் செய்தார்.

“ஏளா செல்வராணி, எறங்கும்போது பைலட்டு வாசல்ல நின்னாரு. கேட்டேன். அவரும் இருநூத்தி எண்பத்தஞ்சுன்னுதான் சொன்னாரு. மேல பறக்கவனும் எங்க மைலுலதாம்ளா அளக்கான்!”