சிறகவரை பிஸ்கட்டுக்கு ஒரு மார்க்

ஆய்வுக்கூடத்தில் அவருக்குப் 'புரதம்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. எதிரே யார் வந்து உட்கார்ந்தாலும், வந்தவர் வாயைத் திறப்பதற்குள், "சிறகவரை விதையில நூத்துக்கு முப்பது பங்கு புரதம், தெரியுமா?" என்று ஆரம்பித்துவிடுவார். இலையைத் தின்னலாம், பூவைத் தின்னலாம், நாலு பக்கமும் சிறகு வைத்த பிஞ்சுக்காயைத் தின்னலாம், மண்ணுக்குள் இருக்கும் கிழங்கைக்கூட விட வேண்டியதில்லை. இத்தனை இருந்தும் கடையில் சோயாவுக்குக் கிடைக்கிற மரியாதையில் கால்வாசி இதற்கு இல்லையே என்று மனிதருக்கு ஒன்பது வருஷமாக வயிற்றெரிச்சல்.

ஒன்பதாவது வருஷம் இயக்குநருக்குப் பொறுமை போய்விட்டது.

"விதையை மாவாக்கி ஒரு பிஸ்கட் போடுங்க. வெளியாளுங்க பதினோரு பேர் ருசி பார்க்கட்டும். சராசரி அஞ்சு மார்க் வந்தா பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்குக் கொடுக்க ஏற்பாடு பண்றேன். வரலைன்னா திட்டத்தை மூடிட்டு நீங்க உருளைக்கிழங்குப் பிரிவுக்குப் போயிடுங்க."

உருளைக்கிழங்கா! மாவுச்சத்தோடு மாரடிக்கவா இத்தனை வருஷம் உழைத்தார்?

ருசி பார்ப்பதற்கென்று அங்கே தனி அறை உண்டு. வரிசையாகத் தடுப்புகள். நிறம் கண்ணை ஏமாற்றிவிடக் கூடாது என்று சிவப்பு விளக்கு. ஆளுக்கு ஒரு தட்டு, வாய் கொப்பளிக்கத் தண்ணீர், ஒன்றிலிருந்து ஒன்பது வரை மார்க் போட ஒரு தாள். பெயர் கிடையாது, நம்பர்தான். ஆள் சேர்ப்பது புதிதாக வந்த குமாஸ்தா அம்மாவின் பொறுப்பு. யார் யார் வந்தார்கள் என்று ஆராய்ச்சிக்காரருக்குச் சொல்லக் கூடாது. அவருடைய உறவுக்காரர் உட்காரவும் கூடாது. உட்கார்ந்தால் அந்த மார்க் செல்லாது.

முடிவு வந்தது. நாலே முக்காலுக்குக் கொஞ்சம் மேலே. மற்றவர்களெல்லாம் நாலு, ஐந்து, ஆறு என்று பெருந்தன்மை காட்டியிருக்க, ஏழாம் நம்பர் மட்டும் ஒரே ஒரு மார்க் போட்டிருந்தது. அந்த ஒன்றைப் பார்த்ததோடு ஏழாம் நம்பர் தாளை மடித்துப் பையில் திணித்துக்கொண்டு புரதம் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

"ஒன்னு போட்டிருக்கான், படுபாவி!" சாப்பிட உட்கார்ந்தும் ஆத்திரம் அடங்கவில்லை. "அவனுக்கு இருக்கிறது நாக்கா, செருப்புத் தோலா?"

"அவன்தான்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள் மனைவி. வெங்காயத்தோடு வதக்கிய சிறகவரை விதை தட்டில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

"அவளாவே இருக்கட்டும். வீட்டுல உப்புச் சப்பில்லாம சமைக்கிற ஜென்மமா இருக்கும்."

"இதுல உப்பு சரியா இருக்கா?"

"உனக்கென்ன, பிரமாதம்! இதே விதைதானே! இன்னும் ரெண்டு கரண்டி போடு."

அவள் போட்டாள். போட்டுவிட்டு, "அந்த ஏழாம் நம்பர் நான்தாங்க" என்றாள்.

புரதத்தின் கை வாய்க்குப் போகாமல் நின்றது.

"காய்கறிக் கடையில அந்தக் குமாஸ்தா அம்மா, ஒரு ஆள் குறையுது, வாங்கன்னு கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிட்டாங்க. நான் யாரு வீட்டுக்காரின்னு அவங்களுக்குத் தெரியாது. என்ன பிஸ்கட்டுன்னு எனக்கும் தெரியாது. வாயில வச்சதும் தெரிஞ்சுபோச்சு. எந்திரிச்சு வந்திருக்கணும். கோபத்துல எழுதிட்டேன்."

புரதத்துக்கும் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. வந்த வேகத்திலேயே இறங்கியது. விரல் விட்டு எண்ணினார். ஒரு மார்க் செல்லாமல் போனால் மிச்சம் பத்துப் பேர். சராசரி ஐந்து புள்ளி இரண்டு!

"நீ என் பொண்டாட்டி!" என்று கல்யாணத்தன்றுகூட வராத உற்சாகத்தோடு கத்தினார். "உறவுக்காரி! உன் மார்க் செல்லாது! நான் தேறிட்டேன்!"

"மார்க்குக்குக் கீழே நான் எழுதினதைப் படிச்சீங்களா?"

படிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு தாளை எடுத்து விரித்தார். தோலோடு அரைத்திருக்கிறது, ஊறவைக்கவும் இல்லை, வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டவும் இல்லை, கசப்பும் பச்சை வாடையும் போகவில்லை என்று கொட்டை கொட்டையாக எழுதியிருந்தாள்.

"வறுத்துட்டுத்தானே அரைச்சோம்" என்றார், குரல் இறங்கி.

"வறுத்தா போயிடுமா? ராத்திரி முழுக்க ஊறணும், வேகவச்சுக் கொட்டணும், மறுபடி வேகவைக்கணும், ஒவ்வொண்ணா தோல் உரிக்கணும். ஒன்பது வருஷமா உரிக்கிறேன். நகத்தைப் பாருங்க."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே நீ?"

"அடுப்படிக்கு நீங்க எப்பங்க வந்தீங்க? சட்டியில நான் கிண்டிக்கிட்டிருந்தா, கூடத்துல இருந்தே எத்தனை பங்கு புரதம்னு எனக்கே பாடம் எடுப்பீங்க." அவள் எதிரே உட்கார்ந்தாள். "பெரியவங்க முகத்துக்காக அஞ்சு போடுவாங்க. பிள்ளைங்க துப்பிடும். ஒரு தடவை துப்பினா ஜென்மத்துக்கும் தொடாது. அப்புறம் உங்க சிறகவரையை யாரு காப்பாத்துவா?"

புரதம் பையைத் துழாவி, மிச்சமிருந்த பிஸ்கட் ஒன்றை எடுத்துக் கடித்தார். ஆய்வுக்கூடத்தில் பெருமையோடு சேர்த்து மென்றபோது இறங்கியது, இப்போது அவள் சமையலுக்குப் பின்னால் தொண்டையிலேயே நின்றது. அவள் தண்ணீர்ச் செம்பை நகர்த்தினாள். அவருக்கு வெட்கமாக இருந்தது. விதையை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்தவர், அது தன் தட்டுக்கு எப்படி வந்ததென்று ஒரு நாளும் பார்க்கவில்லை.

மறுநாள் இயக்குநரிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தார். இயக்குநர் சிரித்தபடி எழுந்து கையை நீட்டினார்.

"விதின்னா விதிதான். அந்த மார்க் ரத்து. நீங்க தேறிட்டீங்க!"

புரதம் கையைப் பிடிக்கவில்லை. "மார்க்கை ரத்து பண்ணுங்க சார். அப்படியே பிஸ்கட்டையும் ரத்து பண்ணிடுங்க."

"புத்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு? உருளைக்கிழங்கு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார். எனக்கு மூணு மாசம் மட்டும் கொடுங்க."

"ஒன்பது வருஷமா பண்ணாததை மூணு மாசத்துல என்ன கிழிக்கப் போறீங்க?"

"தோல் உரிக்கக் கத்துக்கப் போறேன் சார்," என்றார் புரதம். "கத்துக் கொடுக்கிறவங்க வீட்டுலயேதான் இருக்காங்க. ஆனா என்னைச் சேர்த்துக்கிறதுக்கு ரொம்ப யோசிக்கிறாங்க."